புளிமேடு தனி ஊரா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கம்பெனிப் பையன்கள் துணி துவைப்பார்கள், கறி எடுத்து ஆக்குவார்கள், கையில் காசு மிச்சமிருந்தால் மெட்ராஸுக்குப் பஸ் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள். சக்திகுமார் மட்டும் சுங்குவார்சத்திரத்து மாடி அறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஊர்களை அழித்துக்கொண்டிருப்பான்.

பதறாதீர்கள், நிஜ ஊர்களை இல்லை. இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று, அதில் இவன் ஒரு நிர்வாகி. சம்பளம் கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன், ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க லைனில் நின்று, இது ஓகே, இது ரிஜெக்ட், இது ரீவொர்க் என்று மூன்று பெட்டியில் பிரித்துப் போடுவான். அந்தப் பழக்கம் லீவு நாளிலும் கையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கலைக்களஞ்சியத்தில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. யாராவது ஒருவர் தன் ஊரைப் பற்றி ரெண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஊர் அழகான ஊர், மக்கள் நல்லவர்கள் என்று. சான்று இருக்காது, மக்கள்தொகை இருக்காது, எந்தத் தாலுக்கா என்றுகூட இருக்காது. சக்திகுமார் அதன் தலையில் சிவப்புக் கட்டம் ஒன்றைப் போடுவான். 'இத்தலைப்பு தனிக் கட்டுரைக்குத் தகுதியானதா என்பது ஐயத்துக்குரியது. சான்றுகள் இல்லை. உரையாடலுக்குப் பின் நீக்கப்படலாம்.' அப்புறம் நாலு பேர் கூடி விவாதித்து, வைப்பதா அழிப்பதா என்று முடிவு செய்வார்கள்.

"ஏலே, இன்னைக்கு எத்தன ஊரக் காலி பண்ணுன?" என்பான் அறைக்கூட்டாளி உச்சிமாகாளி, வாளியில் சட்டையைக் கும்மிக்கொண்டே.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாத வருஷம். வந்த நேரத்தில் வேகவேகமாகக் கட்டம் போட்டுக்கொண்டு போன சக்திகுமாருக்கு ஒரு கட்டுரையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மொத்தமே மூன்று வாக்கியம். 'புளிமேடு ஒரு ஊர். இங்கு ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு சர்ச்சும் உள்ளன. பஸ் வராது.'

"பஸ் வராதாம்ல! இதப் போயி உலகம் பூரா படிக்கதுக்கு எழுதி வச்சிருக்கு பாரு."

சிரித்துக்கொண்டே சிவப்புக் கட்டத்தைப் போட்டான். அடுத்த கட்டுரையைத் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அவனும் அதை மறந்துவிட்டான்.

அந்த வாரத்திலேயே வினை வந்து இலையில் விழுந்தது. இவனும் உச்சிமாகாளியும் ரெண்டு வருஷமாகச் சாப்பிடுவது பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் கோவிந்தம்மா மெஸ்ஸில்தான். மெஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், தகரக் கூரை, நாலு பெஞ்சு. ஆனால் கோவிந்தம்மாவின் கருவாட்டுக் குழம்புக்கு ஷிப்ட் முடிந்த பையன்கள் வரிசையில் நிற்பார்கள். எந்த ஊர்க்கா என்று யாராவது கேட்டால் 'அகரம் பக்கம்' என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, சக்திகுமாரும் கேட்டதில்லை.

அன்றைக்குக் கரண்டியை அண்டாவில் அவள் போட்ட சத்தமே சரியில்லை.

"என்னக்கா, குழம்பு காரம் தூக்கலா இருக்கு?"

"காரம் கொழம்புல இல்ல தம்பி, என் வயித்துல கீது. எம்பொண்ணுக்கு வந்த வேல பூடுச்சு."

மகள் சத்யப்பிரியா தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தாள். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் முடித்தவள். இப்போது செல்போன் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட். எப்போது வேண்டுமானாலும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடக்கூடிய வேலை. ஒரகடத்தில் புதிதாக ஆள் எடுக்கும் ஒரு கம்பெனி, சுற்றிலும் இருக்கிற ஒவ்வொரு ஊரிலிருந்தும் ரெண்டு பேருக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அவளுடைய ஊரில் ஐடிஐ முடித்தவள் இவள் ஒருத்திதான். அவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று தாயும் மகளும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"அங்க ஹெச்சார்ல நயினார்னு ஒரு சார் கீறாருண்ணா. ஊரு ஊருன்னு ஆளாளுக்கு லெட்டர் எடுத்துகினு வராங்களாம், எது நெஜம் எது பொய்னு தெரியலயாம். நெட்ல கலைக்களஞ்சியத்துல தனியா பேர் இருந்தாதான் ஊருன்னு ஒத்துக்குவாராம். அது காசு வாங்காம எழுதறதாம்."

"சரிதான."

"எங்க ஊரு அதுல கீதுண்ணா. நான்தான் எழுதுனேன், போன வருசம். பிரவுசிங் சென்டர்ல தேடிப் பாத்தேன், அகரத்தாங்கல் இருந்துச்சு, எங்க ஊரு இல்ல. அதான் நானே எழுதிட்டேன். இப்ப பாத்தா அது மேல எவனோ செவப்பா ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கான். ஐயத்துக்குரியதுன்னு. அந்த சார் அதப் படிச்சிட்டு, உங்க ஊரே டவுட்டுன்னுல்லா போட்ருக்கு, பதினஞ்சு நாள்ல சரி பண்ணிட்டு வாம்மான்னு சொல்லிட்டாரு."

சக்திகுமாரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. உச்சிமாகாளி இவனை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"உங்க ஊரு... எதும்மா?"

"புளிமேடு."

புரையேறிவிட்டது. சத்யப்பிரியா ஜக்கை நீட்டினாள், கோவிந்தம்மா உச்சந்தலையில் தட்டினாள். அவளிடமே தட்டு வாங்கிக்கொண்டு பொய் சொல்ல மனசு வருமா? கண்ணில் தண்ணீரோடு சொல்லிவிட்டான்.

"யக்கா, அந்தக் கட்டத்தப் போட்டது நான்தான்."

கோவிந்தம்மாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் தட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

"நீயா? நீ இன்னா கெவுர்மெண்ட்டா?"

"இல்லக்கா."

"ஆபீசரா?"

"இல்லக்கா. சும்மா, வாலண்டியரு."

"சம்பளம் குடுக்கறாங்களா?"

"இல்லக்கா."

"அப்பொறம் இன்னாத்துக்குய்யா எங்க ஊரு மேல கட்டம் கட்டுன? நாங்க உன்ன இன்னா பண்ணோம்?"

விதி, தகுதி, மூன்றாம் தரப்புச் சான்று என்று அவனுக்குத் தெரிந்த அத்தனை சொல்லும் தொண்டை வரை வந்து கருவாட்டுக் குழம்போடு உள்ளே போய்விட்டன. "நான் போட்டத நானே எடுத்துருதேன்க்கா. இன்னைக்கே" என்று மட்டும் சொன்னான்.

சொல்வது சுலபம். அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தால், விவாதம் ஏற்கெனவே தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. துபாயில் இருக்கும் காசிராஜன், விதி என்றால் உயிரை விடுகிற மனுஷன், 'நீக்குக' என்று எழுதியிருந்தார். ஒருவர் 'நீக்குக' என்று சொல்லிவிட்டால் கட்டம் போட்டவன் நினைத்தாலும் அதை எடுக்க முடியாது. போட்டவனே தீர்ப்பும் சொல்லக் கூடாது. இதெல்லாம் சக்திகுமாரே ஆதரித்து ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதிகள்.

கீழே டொராண்டோவிலிருந்து லீலா எழுதியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. 'எங்கட பக்கத்தில எத்தனையோ ஊர் இப்ப ஆளில்லாமப் போச்சு. ஆக்கள் இருக்கிற ஊரை ஏன் அழிக்கிறியள்? வைச்சிருங்கோ.'

காசிராஜன் விட்டுவிடுவாரா? 'உணர்ச்சி வேறு, சான்று வேறு. அரசு ஆவணத்தில் கிராமம் என்று இருந்தால் தனிக் கட்டுரை உண்டு. புளிமேடு என்றொரு வருவாய்க் கிராமம் இல்லை. ஒரு நூலிலோ நாளிதழிலோ பெயராவது வந்திருக்கிறதா?'

சக்திகுமார் தலையைச் சொறிந்தான். இதே ஒன்றியத்தில் மேலத்தாங்கல் என்று ஒரு கிராமம். அரசு ஆவணத்தில் ஜம்மென்று இருக்கிறது, கலைக்களஞ்சியத்திலும் இருக்கிறது, மக்கள்தொகை பூஜ்யம் என்று சான்றோடு போட்டிருக்கிறது. இன்றைக்கு அது முழுக்க ஒரு கம்பெனியின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. மனுஷன் ஒருத்தன் இல்லாத ஊருக்குத் தனிப் பக்கம். சற்று முன் தன் உச்சந்தலையில் தட்டிய கோவிந்தம்மாவின் ஊருக்குச் சான்று வேண்டும். எது சரி என்று அவனுக்கே குழம்பிவிட்டது. விதியைப் படித்தால் காசிராஜன் சொல்வது சரியாக இருந்தது, மெஸ்ஸை நினைத்தால் லீலா சொல்வது சரியாக இருந்தது.

'அந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். அது உண்மையான ஊர்தான்' என்று எழுதினான்.

'தெரிந்தவர்கள் என்றால் இதில் தங்கள் கருத்தைக் கணக்கில் எடுக்க இயலாது. மன்னிக்கவும்' என்று காசிராஜன் அடித்துவிட்டார். அவர் சொன்னதும் சக்திகுமார் ஆதரித்த விதிதான்.

"போலே, நேர்ல போயி ஒரு போர்டு கீர்டு இருந்தா போட்டோ எடுத்துட்டு வா. அதுக்கு மேல என்ன சான்று வேணும் அந்த ஆளுக்கு?" என்றான் உச்சிமாகாளி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் போனான். புளிமேட்டில் இறக்கிவிடுங்கள் என்றால் ஆட்டோக்காரன் முழித்தான். "அப்டி ஒரு ஸ்டாப்பிங் இல்லியே தலைவா... ஆங், ரெண்டாங்கேட்டா? அப்டி சொல்லு." பக்கத்தில் இருக்கும் கம்பெனியின் இரண்டாவது வாசல் அது. அங்கே சத்யப்பிரியா சைக்கிளோடு காத்திருந்தாள்.

ஊர் மேட்டில்தான் இருந்தது. இரண்டு தெரு, கோயில், சர்ச், கைப்பம்பு, ஆடுகள், பைக்குகள். எல்லாம் இருந்தது, போர்டு மட்டும் இல்லை. சக்திகுமார் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தான். ரேஷன் கார்டில் அகரத்தாங்கல் என்று இருந்தது. கரண்ட் பில் அட்டையில் அகரம் காலனி என்று இருந்தது. சர்ச்சின் கல்வெட்டில் மிஷன் காலனி. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் இருந்தது, ஊரின் பெயர் இல்லை. புளிமேடு என்று வாயால் சொல்கிறார்களே தவிர, அதை ஒரு இடத்தில் ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. சரி, பெயருக்குக் காரணமான புளியமரமாவது எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு மரம் எந்தக் காலத்திலும் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப ஏன் புளிமேடுன்னு பேரு வந்துச்சு?"

"அத நீதான் கண்டுபிடிச்சி எழுதணும். எங்கள கேட்டா?" என்றார் கைப்பம்படியில் குளித்துக்கொண்டிருந்தவர்.

ஆக மொத்தம் நாலு பெயர் கிடைத்தது, சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. அகரத்தாங்கலில் போய்ப் பழைய பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டத்தைக் கேட்டால் ஏதாவது கிடைக்கும் என்றார் குளித்தவர். கால்வாயைத் தாண்டினால் அகரத்தாங்கல். சிமெண்ட் ரோடு, நிழற்குடை, பளிச்சென்று ஊர்ப் பெயர்ப் பலகை. கால்வாய் மதகடியில் சத்யப்பிரியா சைக்கிளை நிறுத்திவிட்டாள்.

"நீங்க போய்ட்டு வாங்கண்ணா. நான் இங்கயே நிக்கறேன்."

"வெயிலா இருக்கு, வாம்மா."

"இல்லண்ணா, பழக்கம் இல்ல."

சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் மட்டும் நடந்தான்.

கோதண்டம் பிரமாதமான மனுஷர். வாசலிலேயே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஃபேன் போட்டார், மோர் கொண்டுவரச் சொன்னார். வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நெட்ல நம்ம ஊரப் பத்தியா? எழுதுங்க சார், தாராளமா எழுதுங்க! எம்பையன் இருந்தா அவனே ஒக்காந்து எல்லாம் சொல்லுவான், இப்பதான் கம்பெனிக்குப் போயினு கீறான். புளிமேடா? அதுவும் நம்ம ஊர்தான் சார். எல்லாம் ஒண்ணுதான். தனித்தனியா பிரிச்சிப் பேசறது நல்லாவா கீது, சொல்லுங்க?"

பிரித்துப் பேசுவது நல்லாயில்லைதான். மறுக்க முடியாத பேச்சு. அதோடு அவர் அலமாரியைத் திறந்து, பெருமாள் கோயில் கும்பாபிஷேக மலரை எடுத்து வந்தார். வழவழ தாளில் அச்சடித்தது, பதிப்பகத்தின் பெயர்கூட இருந்தது. நடுப்பக்கத்தில் ஒரு வரி. 'எமது அகரத்தாங்கலைச் சேர்ந்த புளிமேடு மக்கள் பந்தல் பணி செய்து கொடுத்தனர்.'

சக்திகுமாருக்கு அந்த வரியைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அச்சில், தமிழில், புளிமேடு! பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டான். நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாக மதகு தெரிந்தது. சத்யப்பிரியா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் கையில் மோர் இருந்தது. அந்த மோரைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. கடைசியில் குடித்துவிட்டான்.

திரும்பி வரும்போது அவளிடம் மலரைப் பற்றிச் சொன்னான். அவள் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"எப்டியாவது தனியா இருந்தா போதும்ணா" என்றாள்.

சொந்த ஊர்ப் பெருமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டான் இந்த அறிவாளி.

அறைக்கு வந்து எல்லாவற்றையும் விவாதப் பக்கத்தில் ஏற்றினான். மதகைப் பற்றியும் எழுத வேண்டும் போலிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கால்வாய் இருக்கிறது, இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து வீட்டுக்குள் போவதில்லை, இது தனி ஊர் இல்லாமல் வேறென்ன என்று எழுதினான். எழுதிவிட்டு அழித்தான். கலைக்களஞ்சியத்தில் கண்ணால் பார்த்ததை எழுதக் கூடாது. அதற்குச் 'சொந்த ஆய்வு' என்று பெயர். வேறு யாராவது பார்த்து, அதை அச்சடித்து, அதை இவன் எடுத்துச் சொன்னால்தான் செல்லும். மறுபடி எழுதினான், மறுபடி அழித்தான். ஜன்னல் வழியாக ரெண்டு கண்ணாலும் பார்த்த விஷயத்துக்குச் சான்று இல்லை, யாரோ கும்பாபிஷேகத்துக்கு அச்சடித்த வரிக்கு மரியாதை இருக்கிறது என்றால், என்ன விதியடா இது என்று எரிச்சலாக வந்தது. ஆனால் விதி விதிதானே?

காசிராஜன் மலரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். 'நல்ல சான்று. புளிமேடு என்ற பெயர் உறுதியாகிறது. ஆனால் அது அகரத்தாங்கலைச் சேர்ந்தது என்பதும் இதே வரியில் உறுதியாகிறது. எனவே நீக்க வேண்டாம். அகரத்தாங்கல் கட்டுரையோடு இணைத்துவிடலாம். யாருக்கும் இழப்பில்லை.'

லீலா, அழிக்காமல் விட்டாலே போதும் என்ற அர்த்தத்தில், 'அழிக்காமல் விட்டால் காணும்' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

சக்திகுமாருக்கு மனசு இப்படியும் அப்படியுமாக ஆடியது. தனியா இருந்தா போதும் என்று அந்தப் பெண் சொன்னாளே. கேட்டுவிடலாம் என்று போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். அவர்கள் பக்கம் கரண்ட் இல்லாத நேரம். ரிஜெக்ட் ஆகவில்லை, ஓகேவும் இல்லை, ரீவொர்க் ஆகியிருக்கிறது, அதுவும் பாஸ்தானே என்று லைன் புத்தி சொல்லியது. சிவப்புக் கட்டம் போய்விடும், பெயர் இருக்கும், ஊர் இருக்கிறதா என்ற சந்தேகமும் தீர்ந்துவிடும். நயினார் கேட்டது அதைத்தானே? 'இணைப்புக்கு ஒப்புதல்' என்று எழுதினான். காசிராஜன் முடித்து வைத்தார்.

அதன்பின் அவன் போட்ட உழைப்பு இருக்கிறதே! அகரத்தாங்கல் கட்டுரையில் புளிமேடு என்று ஒரு துணைத்தலைப்பு, கோயிலின் படம், சர்ச்சின் படம், மலரிலிருந்து சான்று, எந்தத் தாலுக்கா, எந்த ஒன்றியம், எல்லாம் சேர்த்துப் பளிங்கு மாதிரி செய்துவிட்டான். 'பஸ் வராது' என்ற வரியை மட்டும் சான்று இல்லாததால் விட்டுவிட்டான்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுச் சத்யப்பிரியாவோடு அந்தக் கம்பெனிக்குப் போனான். "எல்லாம் சரி பண்ணியாச்சும்மா, நீயே பாரு" என்றான். என்ன செய்தான் என்று சொல்லவில்லை, திறந்து காட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க ஆசை.

நயினார் அம்பாசமுத்திரத்துக்காரர். சக்திகுமார் வாயைத் திறந்ததும், "அட, நம்ம பக்கத்து ஆளா நீரு!" என்று காபி வரவழைத்தார். கம்ப்யூட்டரில் புளிமேடு என்று அடித்தார். பக்கம் தானாகவே அகரத்தாங்கலுக்குத் தாவியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"அருமையா எழுதியிருக்கு. போன வாட்டி பாத்தப்போ மூணு வரிதான் இருந்துச்சு. இப்ப போட்டோ, சான்று, எல்லாம் வெளக்கமா இருக்கு." அவர் சத்யப்பிரியா பக்கம் திரும்பினார். "ஆனா அகரத்தாங்கல்ல ரெண்டு பேர் எடுத்தாச்சேம்மா. போன மாசமே சேந்துட்டாங்க. அதுல ஒருத்தர் அந்தப் பழைய தலைவர், கோதண்டம், அவரு மவன்."

சக்திகுமாருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"சார், அது வேற ஊரு சார். புளிமேடு தனி ஊரு. நான் நேர்ல போயிப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"நீரு சொல்லலாம். இதுல ஒண்ணுன்னுல்லா போட்டிருக்கு? கீழ சான்றும் இருக்கு."

"அத எழுதுனதே நான்தான் சார்!"

நயினார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். கோபமில்லை, அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. "நீரு எழுதுனதையே நீரு இல்லங்கீரு. நான் எத நம்ப? போன வாரமாவது டவுட்டுன்னு இருந்துச்சு. டவுட்டுன்னா மேல ஒரு வார்த்த கேட்டுப் பாப்பேன். இப்ப டவுட்டே இல்லையே தம்பி."

"மாத்திருதேன் சார். இன்னைக்கே தனியாப் பிரிச்சிருதேன்."

"வேலைக்காக மாத்துனதுன்னு ஆயிரும்லா? அப்புறம் அதுக்கு என்ன மதிப்பு?"

சத்யப்பிரியா பக்கத்தை முழுசாகப் படித்தாள். தான் எழுதிய வரிகளில் கடைசி வரி இல்லை என்று கவனித்திருப்பாள். எழுந்து, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். ஷேர் ஆட்டோவில் சக்திகுமார் நாலைந்து தடவை பேச்சை ஆரம்பித்தான். "பரவால்லண்ணா" என்று அவள் சொன்னது அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம் முடிந்திருந்தது. மகள் விஷயத்தை ரெண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கோவிந்தம்மா கத்துவாள், திட்டுவாள், இனி இந்தப் பக்கம் வராதே என்பாள் என்று எதிர்பார்த்துச் சக்திகுமார் நின்றான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் இலையைப் போட்டாள். சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. ஒண்ணா சேத்தா நல்லதுன்னு நெனச்சேன்."

"நல்லதுதான் தம்பி. சேத்தா யாருக்குக் கசக்கும்?" அவள் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே விளங்கிக்கொள்ள நினைத்துக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "கொழா போட சொல்ல அகரத்தாங்கல் வேற, நாங்க வேறன்னு கால்வாயோட நிறுத்திட்டாங்க. ரோடு போட சொல்லயும் அதே கத. தேரு மதகாண்ட வந்து திரும்பிப் பூடும். எங்க ஊட்டுல ஒருத்தர் செத்தா, பொணத்தத் தூக்கினு போற வழிகூட தனி. இத்தினி வருசமா ஒரு நாள் கூட யாரும் எங்கள அவுங்களோட சேத்ததில்ல. இந்த ஒரே ஒரு விசயத்துல மட்டும் சேக்கணும்னு உனக்கு எப்டி தம்பி தோணுச்சு?"

அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.